பத்துக்குப் பதினான்கு அடிக் கொட்டகையில் தச்சுப் பட்டறை: எதை எங்கே வைப்பது?

கொட்டகைத்தச்சு, திருச்சி · ஜூன் 8

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அகலம் 10 அடி, நீளம் 14 அடி. ஒரு நீளப்பக்கம் மட்டும் ஒன்பது அங்குலச் செங்கல் மதில். மற்ற மூன்று பக்கமும் இரும்பு ஆங்கிளில் போல்ட் போட்டு முடுக்கிய தகரம். மூன்று ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் அங்கே தச்சு வேலை செய்கிறேன். பிழைப்பு வேறு, இது மனதுக்குப் பிடித்த வேலை.

தொடங்கியபோது ஒரு ரம்பம், இரண்டு உளி, ஓர் இழைப்புளி இருந்தன. இன்று வட்ட ரம்பம், வளைவாக அறுக்கும் ஜிக்சா, பள்ளமும் விளிம்பும் எடுக்கும் ரவுட்டர், உப்புத்தாள் ஓட்டும் மெஷினான சாண்டர், இரண்டு டிரில், ஒன்பது உளி, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் பதினாறு. தெருவில் பழைய வீடு இடித்தபோது வாங்கிப் போட்ட தேக்கு நிலைச் சட்டங்கள், எட்டடி பிளைவுட் இரண்டு, எப்போதாவது உதவும் என்று சேர்த்த துண்டுக் கட்டைகள் வேறு. இரவில் ஸ்கூட்டரும் இங்கேதான் நிற்க வேண்டும்.

அம்மா பூஜை அறையில் உட்கார ஒரு மனைப்பலகை கேட்டார். பூவரசம் பலகை கைவசம் இருந்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். அடிக்கட்டைக்குப் பள்ளம் எடுக்க அரை அங்குல உளி வேண்டும்; காணவில்லை. நாற்பது நிமிடம் தேடி, இழைப்புச் சுருள் குவியலுக்கு அடியில் கண்டெடுத்தேன். ஈரத் தரையில் கிடந்ததால் முதுகு முழுதும் பொரிப்பொரியாகத் துரு. வாயில் அரிசி நொய் அளவுக்கு ஒரு பல் விழுந்திருந்தது. இந்த உளி கிடைக்கவில்லை என்றுதான் போன மாதம் அதே அளவில் இன்னொன்று வாங்கினேன். அது எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. பலகையை அப்படியே சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். அன்று இரவு முழுதும் மனம் சரியில்லை.

15,000 ரூபாய் ஒதுக்க முடியும். இரும்பு ரேக் இரண்டு வாங்கி எல்லாவற்றையும் அடுக்கிவிடலாமா? அடுத்த ஆண்டு மேசை ரம்பம் வாங்கும் எண்ணமும் இருக்கிறது. அதற்கும் இடம் விட வேண்டும். சிறிய இடத்தில் வேலை செய்பவர்கள் வழி சொல்லுங்கள்.

பால்கனிப் பட்டறை, மதுரை · ஜூன் 8

ரேக் வாங்குவதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். முதலில் சில விவரங்கள் வேண்டும். வாசல் எந்தப் பக்கம், எத்தனை அடி? மழைச் சாரல் எந்தச் சுவரில் அடிக்கிறது? மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

கொட்டகைத்தச்சு, திருச்சி · ஜூன் 9

வாசல் கிழக்கே, குறுகிய பக்கத்தில். ஆறடி அகலத்தில் இரட்டைத் தகரக் கதவு. செங்கல் மதில் வடக்கே. மேற்குத் தகரத்தில் சாரல் அடிக்கும். கீழே ஒரு விரல்கடை இடைவெளி இருப்பதால் தண்ணீரும் உள்ளே வரும். மின்சாரத்துக்குச் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. உள்ளே ஒரு குழல் விளக்கு, பழைய சோக் வைத்தது.

கடலோரம், சென்னை திருவான்மியூர் · ஜூன் 9

வடக்குச் செங்கல் மதில்தான் உங்கள் சொத்து. அதை முழுதாகக் கருவிச் சுவராக மாற்றுங்கள். நான் செய்திருப்பது சரிவுப் பட்டை முறை. 19 மி.மீ. பிளைவுட்டில் நான்கு அங்குல அகலப் பட்டைகள் அறுத்து, ஒரு விளிம்பை 45 பாகைச் சரிவாக அறுக்க வேண்டும். சரிவு மேலே இருந்து சுவரை நோக்கிக் கீழே இறங்கும்படி ஒரு பட்டையைச் சுவரில் முடுக்குங்கள். இன்னொரு பட்டையைத் தலைகீழாகக் கருவித் தாங்கியின் முதுகில் முடுக்குங்கள். இரண்டும் கொக்கிபோல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பாரம் கூடக் கூடச் சுவரோடு இறுகும். உளித் தாங்கி, கிளாம்ப் தாங்கி, டிரில் பெட்டி எல்லாவற்றையும் இப்படியே மாட்டலாம். ஆறு மாதம் கழித்து இடம் மாற்றத் தோன்றினால் தூக்கி அடுத்த பட்டையில் மாட்டினால் போதும், புதுத் துளை வேண்டாம். இதற்காகவே இந்த முறையை எல்லாருக்கும் சொல்கிறேன். எந்தப் பட்டறையும் முதல் தடவையிலேயே சரியாக அமைந்து நான் பார்த்ததில்லை.

பட்டைக்கு ஒன்றரை அடிக்கு ஒரு திருகாணி, ரால் பிளக் (துளைக்குள் செருகும் உறை) வைத்து, செங்கல்லில் ஏற வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சந்தில் ஏறினால் ஒரு நாள் மொத்தமும் கழன்று விழும்.

இழைப்புளி, உளி, ரம்பம் ஆகியவற்றை மட்டும் மூடிய பெட்டியில் வையுங்கள். எங்கள் பக்கம் கடல் காற்றில் இரண்டு நாள் வெளியே தொங்கினால் மூன்றாம் நாள் துரு.

சாணைக்கல், நாகர்கோவில் · ஜூன் 9

தம்பி, நான் ஆசாரி வீட்டுப் பிள்ளை. அப்பாவோடு பன்னிரண்டு ஆண்டுகள் உளி பிடித்தேன். பிறகு வேறு உத்தியோகத்துக்குப் போய் ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது வீட்டுத் திண்ணையில் மறுபடி மரம்.

அப்பாவுக்குப் பட்டறை என்று ஒன்று கிடையாது. வேலை எந்த வீட்டிலோ அந்த வீட்டு வேப்பமரத்தடி. கையில் ஒரு பலாப்பலகைப் பெட்டி, தோளில் ஒரு சாக்கு. போனதும் சாக்கை விரிப்பார். அன்றைக்கு என்ன வேலை என்று பார்த்து, அதற்கு வேண்டிய கருவிகளை மட்டும் பெட்டியிலிருந்து எடுப்பார். வலப்பக்கம் உளிகள், சிறியது முதல் பெரியது வரை, வாய் தன்னைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்தபடி. கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியல் வலது முழங்காலுக்கு அருகில். மூலைமட்டமும் கோலும் இடப்பக்கம். மரத்தைக் கால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மரத்தைவிட்டு எடுக்காமலே கையை நீட்டுவார். அந்தக் கையில் முக்கால் அங்குல உளி இருக்கும். நான் குறும்புக்காக ஒருநாள் இரண்டு உளிகளை இடம் மாற்றி வைத்தேன். கை தொட்டவுடனே தெரிந்துவிட்டது. அன்று வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. மாலையில் விளக்கு வைக்கும் நேரம் எல்லாம் துடைக்கப்பட்டுப் பெட்டிக்குள் போய்விடும்.

நீங்கள் செய்திருக்கும் கொட்டகை ஒரு சாமான் அறை. அதில் மிச்சமிருக்கும் சந்தில் வேலை செய்கிறீர்கள். அதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் வேலை செய்யும் இடத்தைத் தீர்மானியுங்கள். கை நீட்டினால் எட்டும் தொலைவுக்குள் எவை வர வேண்டும் என்று பிறகு பாருங்கள். அதற்கு வெளியே இருப்பவை எல்லாம் கிடங்குச் சாமான். எந்த மூலையிலும் இருக்கலாம்.

எது எட்ட வேண்டும் என்பதை நானோ மற்றவர்களோ சொல்ல முடியாது. ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மனைப்பலகை வேலையை முடியுங்கள். இருக்கும் இடத்தைவிட்டு எதையாவது எடுக்க எழுந்து போகும்போதெல்லாம், எதற்காகப் போனீர்கள் என்று மதிலில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு ஞாயிறு இப்படிச் செய்துவிட்டு வந்து எழுதுங்கள். அதுவரை ஒரு திருகாணிகூட முடுக்க வேண்டாம்.

பியூஸ்கட்டை, கோவை · ஜூன் 10

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுங்கள். முப்பது ஆண்டுகள் மின் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

கணக்கு எளிது. வட்ட ரம்பம் ஏறக்குறைய 1,400 வாட். 230 வோல்ட்டில் அது 6 ஆம்பியருக்குச் சற்று மேல். தூசிக்கு வாக்குவம் கிளீனர் சேர்த்தால் இன்னொரு 5 ஆம்பியர். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் இதைப்போலப் பல மடங்கு இழுக்கும். சமையலறையின் 6 ஆம்பியர் பிளக்கும் மெல்லிய ஒயரும் இதற்கானவை அல்ல. சுருட்டி வைத்த ஒயரில் இவ்வளவு மின்சாரம் ஓடினால் சுருளுக்குள்ளேயே சூடு தங்கி உறை உருகும். கீழே மரத்தூள், பக்கத்தில் ஸ்கூட்டர் டேங்கில் பெட்ரோல். நினைத்துப் பாருங்கள்.

மீட்டர் பெட்டியிலிருந்து தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) வைத்து, 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் குழாய்க்குள் இழுத்து, கொட்டகையில் 16 ஆம்பியர் பிளக் இரண்டு. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிப்பது) கட்டாயம், தகரச் சுவர், ஈரத் தரை உள்ள இடம். தகரத்துக்கும் ஆங்கிளுக்கும் எர்த் இணைப்பு கொடுக்க வேண்டும். உரிமம் உள்ளவரை வைத்துச் செய்யுங்கள். உங்கள் 15,000 ரூபாயில் முதல் பங்கு இதற்குத்தான்.

பழைய சோக் விளக்கையும் மாற்றுங்கள். அது நொடிக்கு நூறு முறை துடிக்கும். சில வேகங்களில் சுழலும் ரம்பப்பல் நின்றுவிட்டதுபோல் கண்ணுக்குத் தெரியும். நான் நேரில் பார்த்திருக்கிறேன். எல்.இ.டி. குழல் இரண்டு, ஒன்று மேசைக்கு நேர் மேலே, இன்னொன்று உங்கள் இடத்தோளுக்கு மேலே. முதுகுக்குப் பின்னால் ஒரே விளக்கு இருந்தால், கீறிய கோட்டின்மேல் உங்கள் நிழல்தான் விழும்.

இன்னொன்று: வண்டி உள்ளே நிற்கும்போது சாணை மெஷின் ஓட்டக் கூடாது. அதன் பொறி எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கொட்டகைத்தச்சு, திருச்சி · ஜூன் 10

மின் வேலைக்கு ஆள் பேசிவிட்டேன் ஐயா. மிகவும் நன்றி. சாக்பீஸ் வாங்கியாயிற்று.

சாணைக்கல் ஐயா, எனக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. மேசை வேண்டும். இப்போது இருப்பது பழைய சாப்பாட்டு மேசை. இழைத்தால் மேசையே என்னோடு நகர்கிறது. சக்கரம் வைத்த மேசை நல்லது என்று நண்பர் சொல்கிறார். தேவைப்படும்போது தள்ளிவிட்டு வண்டியை விடலாம் அல்லவா?

பால்கனிப் பட்டறை, மதுரை · ஜூன் 10

என் இடம் ஒன்பதடி நீளம், ஐந்தடி அகலம். அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடிப் பால்கனி. குழந்தைகளுக்கான மரப் பொம்மைகளும் சிறு பெட்டிகளும் செய்கிறேன். என் அனுபவத்தில் சக்கரம் நல்லதுதான், ஆனால் இழைக்கும் மேசைக்கு வைக்கவே கூடாது. பூட்டுள்ள சக்கரமும் இழைப்பின் தள்ளுதலுக்குச் சற்று ஆடும். ஆடினால் இழைப்புளி தத்தும், மரத்தில் அலை அலையாகத் தடம் விழும்.

மேசையை நகராமல் நிறுத்த எளிய வழி உண்டு. கால்களுக்கு நடுவே தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஒரு தட்டு அடித்து, செங்கல் அடுக்குங்கள். செங்கல் ஒன்று ஏறக்குறைய 3 கிலோ. இருபது செங்கல் அடுக்கினால் 60 கிலோ. எங்கள் மாடியில் அவ்வளவு பாரம் ஏற்ற எனக்குத் தயக்கம். நான் பத்தோடு நிறுத்திக்கொண்டேன். நீங்கள் தரைத் தளம்தானே.

உயரத்துக்கு நான் வைத்த அளவு: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை வரும் இடம். இழைப்பு வேலை அதிகமானால் இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். உடம்புப் பாரம் மேலிருந்து இறங்கும், தோள் வலிக்காது.

மேசை ரம்பம் பற்றி ஒரு வார்த்தை. வட்ட ரம்பத்தைப் பலகைக்கு அடியில் கவிழ்த்து மாட்டி மேசை ரம்பமாக்கும் வழியை யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் மறைப்பும் இருக்காது, பல்லுக்குப் பின்னால் மரம் மூடிக்கொள்ளாமல் தடுக்கும் பிளவுத் தகடும் இருக்காது. மரம் ரம்பத்தைக் கவ்வினால் அந்த நொடியே பலகை உங்கள் வயிற்றை நோக்கி வரும். என் உறவினர் ஒருவருக்கு இப்படித்தான் இரண்டு விரல் நுனி போனது.

கடலோரம், சென்னை திருவான்மியூர் · ஜூன் 11

நல்ல மேசை ரம்பமே வாங்கினாலும் இந்தக் கொட்டகைக்குப் பொருந்தாது. எட்டடிப் பலகையை நீளவாக்கில் பிளக்க, ரம்பத்துக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி காலியாக வேண்டும். உங்கள் மொத்த நீளமே 14 அடி. கதவைத் திறந்து வைத்து முற்றத்துக்குத் தள்ளினால் நடக்கும். அப்படிச் செய்தாலும் நடுத்தரை முழுதும் ரம்பத்துக்குப் போய்விடும்.

எட்டுக்கு நான்கடி பிளைவுட்டை நான் தரையில்தான் அறுக்கிறேன். முற்றத்தில் இரண்டு அங்குலத் தெர்மோகோல் பலகையைப் பரப்பி, அதன்மேல் பிளைவுட். வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகைக் கனத்தைவிட 3 மி.மீ. மட்டும் கூட வைத்து, நேரான அலுமினியச் சட்டத்தைக் கிளாம்ப் செய்து அதன் ஓரமாக ஓட்டினால் கோடு பிசகாது. அறுபட்ட துண்டும் கீழே விழாது, முனை முறியாது. 19 மி.மீ. முழுப் பலகை முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். ஒற்றை ஆளாக மேசைமேல் தூக்கவே வேண்டாம்.

சாணைக்கல், நாகர்கோவில் · ஜூன் 11

கடலோரம் சொன்ன மூடிய பெட்டி பற்றி: எனக்கு முதலில் உடன்பாடு இல்லை. கதவு வைத்தால் கை ஒரு முறைக்கு இரண்டு முறை போக வேண்டும். கண்ணில் படாத கருவியைத் திரும்ப வைப்பதும் குறையும். திருச்சியில் கடல் காற்றும் இல்லை.

ஆனாலும் தகரக் கொட்டகை என்பதால் ஒன்று சொல்கிறேன். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை தகரம் வேர்க்கும். உள்பக்கம் பொட்டுப்பொட்டாக நீர் கோத்து வழியும். அந்தச் சுவரில் இரும்பு எதையும் தொங்கவிடக் கூடாது. செங்கல் மதிலில், மேசைக்கு நேர் மேலே, நான்கு அங்குல ஆழத்தில் ஒரு மரப்பெட்டி. வேலை நேரம் முழுதும் கதவு விரியத் திறந்தே இருக்கட்டும், மாலையில் மூடுங்கள். உள்ளே ஒரு கட்டி கற்பூரம் துணியில் முடிந்து வையுங்கள். அதன் ஆவி இரும்பின்மேல் படிந்து துருவைத் தள்ளிப்போடும்; கரைந்து போனால் வேறு வையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் வாரம் ஒரு முறை துடைக்க வேண்டும். நெடுநாள் வைக்கும் கருவிக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும். இப்படியென்றால் கடலோரம் சொல்வதும் சரி, நான் சொல்வதும் சரி.

கடலோரம், சென்னை திருவான்மியூர் · ஜூன் 11

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. கதவு விரியத் திறக்கும் பெட்டி என்பது நான் யோசிக்காதது. என்னுடையதையும் மாற்றப் போகிறேன்.

கொட்டகைத்தச்சு, திருச்சி · ஜூலை 6

மனைப்பலகை முடிந்தது. கோடுகளையும் எண்ணிவிட்டேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் 94 முறை எழுந்து போயிருக்கிறேன். பென்சில், டேப், மூலைமட்டம் இந்த மூன்றுக்கு மட்டும் 37. கிளாம்புக்கு 19. உப்புத்தாளுக்கு 11. உளிக்கு 9. வட்ட ரம்பத்துக்கு இரண்டே முறை, ரவுட்டருக்கு ஒரு முறை. சாண்டரை இறக்கவே இல்லை.

வாசல் பக்கத்தில் நல்ல இடத்தை அடைத்துக்கொண்டு அலமாரியில் நிற்பவை ரவுட்டரும் சாண்டரும்தான். விலை அதிகம் என்பதால் மரியாதையான இடம் கொடுத்திருந்தேன். பென்சிலுக்கு இடமே கிடையாது. மதிலில் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

இப்போது எனக்குள்ள பெரிய சிக்கல் துண்டுக் கட்டைகள். அளந்து பார்த்தேன்: தரையில் மூன்றடிக்கு நான்கடி, இடுப்பளவு உயரம். எதையும் எறிய மனம் வரவில்லை. பல துண்டுகள் ரங்கூன் தேக்கு.

பால்கனிப் பட்டறை, மதுரை · ஜூலை 6

அந்த மன வருத்தம் எனக்குத் தெரியும். தேக்கை எறியச் சொன்னால் எனக்கும் கோபம்தான் வரும். நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஒரு சாண் நீளத்துக்குக் குறைந்த பிளைவுட் துண்டு எதையும் வைப்பதில்லை. முழு மரம் என்றால் வகை பார்ப்பேன். தேக்கு, வேங்கை, பூவரசு போன்றவற்றில் விரல் நீளத் துண்டும் எனக்குப் பொம்மைச் சக்கரமாகும், அதனால் வைப்பேன். உங்களுக்குப் பொம்மை வேலை இல்லை, எனவே உங்கள் அளவு ஒரு முழமாக இருக்கலாம். முக்கியமானது பெட்டியின் அளவு. ஒரே ஒரு பெட்டி. அது நிரம்பினால், புதுத் துண்டு உள்ளே போக வேண்டுமென்றால் பழையது ஒன்று வெளியே வர வேண்டும். துண்டுகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். நுனி தெரியும், குவியலைக் கிளற வேண்டாம்.

வேண்டாத மரத்துண்டை வெந்நீர் அடுப்புக்குக் கொடுக்கலாம். பிளைவுட்டும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் அடுப்புக்குப் போகக் கூடாது. அவற்றில் இருப்பது பசை. அந்தப் புகை குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆகாது. கப்பலில் வந்த பெட்டிப் பலகைகளை வாங்குபவர்கள் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு வாயுவில் வைத்தது. இரண்டாவதை நான் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

மூக்குத்தூள், சேலம் · ஜூலை 7

இதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். தூசியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். தேக்கு இழைத்து இழைத்து எனக்கு முழங்கை மடிப்பில் தடிப்பு வந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே என்ன மரம் என்பதுதான். தேக்குத் தூள் பலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். அதைவிடப் பெரிது மூச்சு. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1995இல் மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. கண்ணுக்குத் தெரியும் சுருளும் தூளும் கீழே விழுந்துவிடும். உப்புத்தாள் தேய்ப்பில் எழும் மாவுதான் வெகுநேரம் காற்றில் நிற்கிறது. பெருக்கினால் மறுபடி எழும்.

ஆகையால் உப்புத்தாள் வேலை எல்லாம் கொட்டகைக்கு வெளியே முற்றத்தில். உள்ளே செய்ய வேண்டியிருந்தால் மேற்கே ஒரு சந்து திறந்து, வாசலில் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். மூக்குக்கு என்95 முகமூடி. வாக்குவம் கிளீனருக்கு முன்னால் மூடியுள்ள வாளி ஒன்றைச் சுழல் கூம்போடு (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிப்பது) வைத்தால் தூள் வாளியிலேயே தங்கும், பை அடைக்காது.

ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள்.

கொட்டகைத்தச்சு, திருச்சி · செப்டம்பர் 21

இரண்டு மாதமாக எழுதவில்லை, மன்னியுங்கள். கொட்டகையை முழுதாகக் காலி செய்து, தரையைக் கழுவி, திரும்ப ஏற்றினேன்.

வடக்கு மதிலை ஒட்டி ஐந்தடிக்கு இரண்டடி மேசை, 33 அங்குல உயரம். கால்கள் பழைய நிலைச் சட்டத் தேக்கு. அடித்தட்டில் இருபத்திரண்டு செங்கல். மேற்கு நோக்கி இழைக்கிறேன். மேசையின் மேற்கு முனை ஒரு செங்கல் தூணில் முட்டி நிற்பதால் அசையவே இல்லை. மேசைக்கு மேல் சாணைக்கல் ஐயா சொன்ன பெட்டி. கதவின் உட்புறம் மூலைமட்டமும் கோலும். பென்சிலுக்குத் துளையிட்ட கட்டை, ஐந்து பென்சில். பெட்டிக்கு இரண்டு பக்கமும் சரிவுப் பட்டை, வலப்பக்கம் கிளாம்ப் முழுதும், இடப்பக்கம் உப்புத்தாள். உப்புத்தாளை 80, 120, 180, 240 என்று எண்வாரியாகப் பழைய கேலண்டர் அட்டைகளுக்கு இடையில் செருகியிருக்கிறேன்.

ரவுட்டர், சாண்டர், வட்ட ரம்பம் மூன்றும் மேசைக்கடியில் செங்கல் தட்டுக்கு முன்னால் ஒரு சக்கரப் பெட்டியில். சக்கரம் அதற்கு மட்டும்தான். பிளைவுட் தெற்கில், தரையிலிருந்து இரண்டு அங்குல உயர ரீப்பர்க் கட்டைமேல், ஏறக்குறைய செங்குத்தாக. சாய்த்து வைத்ததில் ஒரு பலகை வில்லாக வளைந்துவிட்டது, திருத்த முடியவில்லை. நீளச் சட்டங்கள் ஆங்கிளில் கொக்கிபோல் வளைந்த ஜே போல்ட் போட்ட தாங்கிகளில், இரண்டடிக்கு ஒரு தாங்கி. வாசலிலிருந்து ஆறரை அடி முழுக்கக் காலி. பகலில் அது பொருத்தும் இடம், இரவில் வண்டி.

துண்டுக் கட்டைக்கு ஒரே பெட்டி, ஒரு முழம் அளவு. ரங்கூன் தேக்கில் மிஞ்சிய சிறு துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். பால்கனிப் பட்டறை அம்மா விரும்பினால் மதுரைக்கு அனுப்பி வைக்கிறேன், பொம்மைச் சக்கரத்துக்கு ஆகும்.

மின் வேலைக்கு மட்டும் 8,600 ரூபாய் ஆனது. மற்றதில் பெரும்பாலும் இருந்த மரமே. ரேக் வாங்கவில்லை. மேசை ரம்ப எண்ணத்தையும் விட்டுவிட்டேன்.

பால்கனிப் பட்டறை, மதுரை · செப்டம்பர் 21

கட்டாயம் அனுப்புங்கள். அடுத்த தடவை செய்யும் தேர் பொம்மைக்கு ரங்கூன் தேக்குச் சக்கரம் என்று இப்போதே முடிவு செய்துவிட்டேன். மேற்குத் தகரத்தின் அடிச்சந்தை அடைத்தீர்களா? ஐப்பசி வருகிறது.

கொட்டகைத்தச்சு, திருச்சி · அக்டோபர் 26

நேற்று இரவெல்லாம் மழை. காலையில் முதல் வேலையாகக் கொட்டகைக்கு ஓடினேன். மேற்குச் சந்தில் சிமெண்டுக் கரை கட்டியிருந்தேன், தண்ணீர் வரவில்லை. கூரையில் ஒரு போல்ட் துளையிலிருந்து சொட்டு விழுந்தது, ஸ்கூட்டர் இருக்கைமேல். வாஷர் மாற்ற வேண்டும். உளிகள் உலர்ந்து சுத்தமாக இருந்தன.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். காணாமல்போன அந்தப் புது அரை அங்குல உளி, இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே செருகி நின்றிருந்தது. இப்போது ஒரே அளவில் இரண்டு. பல் விழுந்ததை என்ன செய்யலாம் ஐயா?

சாணைக்கல், நாகர்கோவில் · அக்டோபர் 26

இரண்டும் வேண்டும் தம்பி. புதியதை 25 பாகையில் தீட்டி மெல்லிய சீவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழையது கொட்டாப்புளி அடி தாங்கும் வேலைக்கு, 30 பாகை.

முதலில் முதுகுத் துருவை எமரித் தாளைக் கண்ணாடிமேல் ஒட்டித் தட்டையாகத் தேயுங்கள். வாய்க்குப் பக்கத்தில் ஓர் அங்குலம் பளபளத்தால் போதும். பல் விழுந்த வாயைச் சொரசொரப்பான கல்லில் நேராக நிறுத்தி, பல் மறையும்வரை தேய்த்துவிடுங்கள்; வாய் மொட்டையாகிவிடும், பயப்பட வேண்டாம். அதன் பிறகு சரிவைத் தீட்டுங்கள். சாணை மெஷினில் செய்தால் மூன்று நொடிக்கு ஒரு முறை தண்ணீரில் முக்க வேண்டும். நுனியில் நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். நீலம் உள்ள அளவு மொத்தமும் தேய்த்து எடுக்கத்தான் வேண்டும். பிறகு 1000 எண் தீட்டுகல், அதைவிட நயமான 6000 எண் கல், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் இருபது இழுப்பு. மெஷின் வேண்டாம், கையால் தேயுங்கள் என்பேன். அரை மணி கூடும், அவ்வளவுதான். மழை நாளில் வேறென்ன வேலை.